யாராவது கூப்பிடும் வரை

வெளியே முப்பத்து நான்கு டிகிரி.
உள்ளே, செந்தூல் கட்டடத்தின் ஏழாம் மாடியில்,
பதினெட்டு.
ஒன்பது வருடமாக என் நாற்காலி முதுகில்
ஒரு நீலக் கம்பளிச் சட்டை.
பாசார் மாலாமில் வாங்கும்போது
கேமரன் மலைக்கா என்று கேட்டார் கடைக்காரர்.
வேலைக்கு என்றேன். சிரித்தார்.

பத்தாண்டுக்குள் கார்பன் பாதியாகும் என்று
கம்பெனி மேடையில் சொல்லிவிட்டது.
லிஃப்டுக்குள் சுவரொட்டி வந்தது:
மழைக்காடு, கிளையில் ஓர் இருவாச்சி.
எங்களில் யாரும் அதை நேரில் பார்த்ததில்லை.
பாதியாக்கும் வேலை மட்டும்
ஹஃபிசுலிடமும் என்னிடமும் இறங்கி வந்தது.

குளிரில் தொடங்கினோம்.
வாரத்துக்கு ஒரு டிகிரி,
காய்ச்சல்காரன் நெற்றியைத் தொடுவதுபோல்
தொட்டுத் தொட்டு.
பத்தொன்பது. இருபது. இருபத்தொன்று.
நாடகங்களும் பந்தாட்ட வர்ணனைகளும்
பல லட்சம் பேரின் 'சாப்பிட்டியா'க்களும்
குடியிருக்கும் இரும்பு அலமாரிகள்
ஒரு முனகலும் இல்லாமல் ஏற்றுக்கொண்டன.
இத்தனை காலம் யாருக்காக நடுங்கினோம்?
இருபத்து நான்கில் சட்டையைக் கழற்றினேன்.
"காக், உங்களுக்கு முழங்கை இருக்கிறதா!" என்றான் ஹஃபிசுல்.

கூட்டங்களுக்கு ஓடும் கார்களை நிறுத்தினோம்.
மேல்மாடிக்காரர்கள் பினாங்குக்குப் பறப்பதை மட்டும்
'தவிர்க்க முடியாதவை'யில் போடச் சொன்னார்கள்.
போட்டேன்.

அடுத்து, உலு லங்காட் மலைக் கோபுரங்கள்.
டீசல் குடித்து உறுமியவை
இப்போது வெயிலைத் தின்றுவிட்டுச் சும்மா நிற்கின்றன.
மாதம் நாலு நடை எண்ணெய் ஏற்றிய லோரிக்கு
ஒரே நடை.
கையெழுத்துப் போட வந்த ஓட்டுநர் தர்மராஜு
என் திரையை எட்டிப் பார்த்தார்.
"கார்பன் குறைஞ்சது தெரியுது மேடம்.
என் ஓவர்டைம் எந்தக் கட்டத்துல இருக்கு?"
தேடுவதுபோல் மவுஸை நகர்த்தினேன்.
அப்படி ஒரு கட்டம் இல்லை.

பிறகுதான் அந்தப் பெட்டி.
பதினான்காம் வரிசை, கீழிருந்து மூன்றாவது தட்டு.
பெயரில்லை. சொந்தக்காரர் இல்லை.
ஒரு வீட்டுக்கு ஆகும் மின்சாரத்தை விழுங்கிக்கொண்டு
பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டு.
செய்திப் பிரிவு, நாடகப் பிரிவைக் காட்டியது.
நாடகப் பிரிவு, விளம்பரத்தை.
விளம்பரம், எப்போதோ வேலையை விட்டுப்போன
ஒரு மிஸ்டர் லோவை.
எங்கள் தொழிலில் இதற்கொரு வழி உண்டு:
அணைத்துவிடு. காத்திரு.
வேண்டியவன் கத்துவான்.

அணைத்தோம்.
திங்கள், ஒன்றுமில்லை.
செவ்வாய், நாலு மணி மழையில்
கோம்பாக் ஆறு தே தாரேக் நிறத்தில் ஓடியது.
புதன். வியாழன்.
வெள்ளிக்கிழமை போன்.
பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் செய்பவர், பார்வையில்லாதவர்,
பெயர் பாக்கியநாதன்.
காலை ஆறு பத்துக்கு ஓர் எண்ணை அழுத்துவாராம்;
தலைப்புச் செய்திகளை ஓர் இயந்திரக் குரல் வாசிக்குமாம்.
"அஞ்சு நாளா சத்தமே இல்லம்மா.
சரி, ஊர்ல ஒண்ணும் நடக்கலபோலன்னு
பொறுத்துப் பார்த்தேன்."

பதிவேட்டைத் திறந்தேன்.
பதினோரு வருடம், நாளுக்கு ஓர் அழைப்பு.
ஒரே எண்.

அந்தக் குரலை வேறொரு பெட்டியின் மூலைக்கு மாற்ற
அரை மணி நேரம்கூட ஆகவில்லை.
பழையது தள்ளுவண்டியில் இறங்கிப் போனது.
அதற்காக எங்கோ எரிந்த கரியையெல்லாம்
அவர் கேட்ட நிமிடங்களால் வகுத்துப் பார்த்தேன்.
வந்த எண்ணை யாருக்கும் அனுப்பவில்லை.
அழித்துவிட்டேன்.

இன்று பதினேழாம் வரிசை.
மூன்று பச்சை விளக்குகள், பெயரில்லாமல்.
ஸ்விட்சில் விரல் வைத்து ஹஃபிசுல் நிற்கிறான்.
இரு என்கிறேன்.
குனிந்து, தகரத்தில் காதை வைக்கிறேன்.
விசிறிச் சத்தம்தான்.
கொஞ்சம் சூடாக இருக்கிறது,
யாரோ இப்போதுதான் எழுந்துபோன
நாற்காலிபோல.